பளுகல் வாத்தியார் பதில்கள்: மணி அடித்த நாள்

கேள்வி: 2024-ல் திருச்சூரில் சுரேஷ் கோபி ஜெயித்ததற்குக் கிறிஸ்தவர்கள் ஓட்டும் ஒரு காரணம் என்கிறார்கள். பழைய கட்டுப்பாட்டில் வளர்ந்த கிறிஸ்தவரான உங்களுக்கு இது வருத்தம்தானே? (ஒரு வாசகர், பாறசாலை)

பதில்: வருத்தப்பட என்ன இருக்கிறது? கேரளத்திலிருந்து தாமரைச் சின்னத்தில் மக்களவைக்குப் போன முதல் ஆள் அவர். பெரிய செய்திதான். ஆனால் ‘கிறிஸ்தவன் ஓட்டு’ என்று வாய் தைத்த மூட்டை ஒன்று இருந்ததாகவும் அது இப்போது அவிழ்ந்துவிட்டதாகவும் சிலர் அழுகிறார்கள். அந்த மூட்டையை நான் பார்த்ததில்லை.

உங்கள் கேரளப் பக்கத்தில் கம்யூனிஸ்ட் முதல்வர் ஈ.எம்.எஸ். அரசின் கல்வி மசோதாவை எதிர்த்துச் சபைகள் தெருவுக்கு வந்து, விமோசன சமரம், அதாவது விடுதலைப் போராட்டம், என்று கொடி பிடித்து, 1959 ஜூலை 31-ல் அந்த ஆட்சி போயிற்று. கம்யூனிஸ்ட் என்றால் அந்திக்கிறிஸ்துவின் தம்பி என்று பேசின காலம். அப்படியே ரோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வாருங்கள். 2004-ல் நாகர்கோவில் தொகுதியில் அரிவாள் சுத்தியலுக்கு வரிசையில் நின்று குத்தினவர்களில் ஜெபமாலை உருட்டுகிற பாட்டிமாரும் உண்டு, சங்கீதம் மனப்பாடமாய்ச் சொல்லுகிற எங்கள் சபைத் தாய்மாரும் உண்டு. மார்க்சிஸ்ட் வேட்பாளர் பெல்லார்மின் ஜெயித்தார். இரண்டு ஊருக்கும் இடையில் ஒரு சோதனைச் சாவடிதான்!

என் மகளை உங்கள் ஊரில்தான் கட்டிக்கொடுத்திருக்கிறேன். 2024 ஜூன் 4 அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். திருவனந்தபுரத்தில் பாஜகவின் ராஜீவ் சந்திரசேகர் முன்னிலை என்று டிவியில் வந்ததும் சம்பந்தியம்மா வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டார். காங்கிரஸின் சசி தரூர் 16,077 ஓட்டில் தப்பினார் என்றதும் வெளியே வந்து மரச்சீனி அவிக்க உட்கார்ந்தார். மருமகன் முகம் மட்டும் தொங்கிப்போயிருந்தது. அதே வீடு, அதே சபை. அவன் யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை. கிழங்கு நன்றாயிருந்தது.

கேள்வி: நமக்குப் பிடித்த பக்கம் ஜெயித்தால் அதைத் தேவனுடைய பதில் என்று கொண்டாடலாமா? (ஒரு வாசகி, அருமனை)

பதில்: அம்மா, நான் கொண்டாடிச் சூடு பட்டவன்.

2002-ல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தது. ‘கட்டாய’ என்ற வார்த்தையைப் பற்றி எங்களுக்குச் சண்டையில்லை. ஞானஸ்நானம் கொடுத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் சொல்லவேண்டும் என்பதுதான் தொண்டையில் முள். இரண்டு வருஷம் எங்கள் ஜெபக்கூட்டங்களில் இது ஒன்றே பேச்சு. 2004 மே 13 ஓட்டு எண்ணிக்கை. தமிழ்நாட்டின் 39 தொகுதியும் ஆளுங்கட்சிக்கு எதிராகப் போயிற்று. சில நாளில் முதலமைச்சர் ஜெயலலிதாவே சட்டத்தைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

அப்போது நான் சபைக் கமிட்டிச் செயலாளர், நாற்பத்தாறு வயது, ரத்தம் சூடு. சேதி கேட்டதும் ஆலயத்துக்கு ஓடி மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை, போதகரையும் கேட்கவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். எங்கள் ஊரில் ஆராதனை நேரம் தவறி மணி அடித்தால் அர்த்தம் ஒன்றுதான். மேட்டுத் தோட்டத்தில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்த என் பக்கத்து வீட்டுக்காரர் பால்வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். அவர் இந்து, அந்தத் தேர்தலில் இங்கே தோற்ற பாஜகவின் பொன். ராதாகிருஷ்ணனுக்கு வேலை செய்தவர். வேர்க்க விறுவிறுக்க நின்று, “ஆரு சாரே செத்தது?” என்றார்.

என்ன பதில் சொல்ல? உங்கள் ஆள் தோற்றதற்குத்தான் அடித்தேன் என்றா? “ஒண்ணுமில்ல, கயிறு மாத்தினோம், சரி பார்த்தேன்” என்று பொய் சொன்னேன், ஆலய வாசலில் நின்றுகொண்டு. அவர் நம்பவில்லை. நம்பினதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனார். அந்தத் தலையாட்டல் இருபது வருஷமாக என்னை விடவில்லை.

சட்டம் போனதற்கு நன்றி சொன்னது சரி, இப்போதும் சொல்வேன். மணி அடித்ததுதான் தப்பு.

கேள்வி: தேர்தலுக்கு முந்தின ஞாயிறு பிரசங்க பீடத்திலிருந்து இன்னாருக்குப் போடுங்கள் என்று போதகர் சொல்லலாமா? (பெயர் வேண்டாம் என்றவர், கருங்கல்)

பதில்: கூடாது. சட்டமும் இடம் கொடுக்காது. 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ம் பிரிவு மதத்தின் பேரில் ஓட்டுக் கேட்பதை முறைகேடு என்கிறது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, நாலுக்கு மூன்று என்று, வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் தப்புதான் என்று தீர்த்தது. இது கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சேர்த்துத்தான்.

சட்டம் கிடக்கட்டும். போதகருக்குத் தேர்தல் பிரசங்கம் வேண்டுமென்றால் நியாயாதிபதிகள் 9-ம் அதிகாரம் இருக்கிறதே, யோதாம் கெரிசீம் மலைமேல் நின்று சொன்ன கதை. மரங்கள் தங்களுக்கு ராஜா தேடின. ஒலிவமரம் என் எண்ணெயை விட்டு வரமாட்டேன் என்றது. அத்திமரம் பழத்தைக் காரணம் சொன்னது, திராட்சச்செடி ரசத்தை. கடைசியில் முட்செடி வந்து, என் நிழலில் ஒதுங்குங்கள் என்றது. முட்செடிக்கு ஏது நிழல்! இதை வாசித்துவிட்டு உட்காரட்டும். எந்தக் கட்சி முட்செடி என்று சபையார் வீட்டில் போய் அடித்துக்கொள்வார்கள்.

எனக்குக் கோபம் எல்லாம் நல்ல ஒலிவமரங்கள் மேல்தான். பேராயத் தேர்தல், அதாவது சபை நிர்வாகத் தேர்தல், என்றால் இரவோடிரவாக ஜீப் எடுத்துச் சுற்றுகிறவர்கள், பஞ்சாயத்து வார்டுக்கு நில்லுங்கள் என்றால் ‘அது உலகக் காரியம்’ என்கிறார்கள்.

கேள்வி: அமெரிக்காவில் விசுவாசிகள் டிரம்புக்கு ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்தார்கள். கருக்கலைப்பை எதிர்க்கிற நாம் ஏன் சந்தோஷப்படக்கூடாது? (ஒரு கல்லூரி மாணவர், மார்த்தாண்டம்)

பதில்: கருவில் இருப்பது உயிர் என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சு கிடையாது. கருக்கலைப்பை உரிமையாக்கி 1973-ல் அங்கே வந்த தீர்ப்பு 2022 ஜூனில் கவிழ்ந்தபோது நான் முழங்காலில் நின்று நன்றி சொன்னேன். அந்தப் பெரும்பான்மையில் டிரம்ப் நியமித்த மூன்று நீதிபதிகள் உண்டு, அதை மறைக்கவேண்டாம். ஆனால் தம்பி, நம் நாட்டில் கருக்கலைப்பை அனுமதித்து 1971-லேயே சட்டம் வந்தது. 2021-ல் சில வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை என்று நீட்டினார்கள். நம் சேகரத்தில் அதைப் பற்றி ஒரு கூட்டம் போட்டோமா? நம் தொகுதிக்கு வந்த எந்த வேட்பாளரிடமாவது கேட்டோமா? நான் கேட்கவில்லை, நீயும் கேட்டிருக்கமாட்டாய். வாஷிங்டன் காரியத்துக்கு வாட்ஸ்அப்பில் உபவாச ஜெபம் நடந்தது.

இன்னொன்று. 2020-ல் அவர்தான் ஜெயிப்பார் என்று ஆண்டவர் சொன்னதாகத் தீர்க்கதரிசனம் உரைத்தவர்கள் அங்கே பலர். தோற்றார். ஒருசிலர் மன்னிப்புக் கேட்டார்கள், அவர்களை மதிக்கிறேன். மற்றவர்கள் 2024-ல் ‘பார்த்தீர்களா’ என்று திரும்பி வந்தார்கள். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை என்கிற உபாகமம் 18-ன் கடைசி வசனத்தை அவர்களுக்கு யாராவது வாசித்துக் காட்டினால் தேவலை.

கேள்வி: குமரி மாவட்டத்தில் எப்போதும் மதம் பார்த்துத்தான் ஓட்டா? (ஒரு வாசகர், தக்கலை)

பதில்: எப்போதும் இல்லை. எங்கள் எம்.பி. மார்ஷல் நேசமணி 1968-ல் இறந்த பிறகு, 1969 ஜனவரியில் நாகர்கோவிலில் இடைத்தேர்தல். விருதுநகரில் ஒரு மாணவத் தலைவரிடம் தோற்றிருந்த காமராஜர் இங்கே வந்து நின்றார். எதிரே டாக்டர் மத்தியாஸ். பெயரே சொல்லும். எனக்குப் பத்துப் பதினோரு வயது. அப்பா உபதேசியார். “மத்தியாஸ் நம்ம ஆளு, காமராஜர் நல்ல ஆளு” என்று சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். காமராஜர் ஜெயித்தார். சாதியும் கொஞ்சம் வேலை செய்தது, அதை மூடிப் பேசினால் நான் பொய்யன்.

1982-ல் மண்டைக்காட்டில் மூண்ட இந்து-கிறிஸ்தவக் கலவரம் எல்லாவற்றையும் மாற்றியது. அதற்குப் பிறகு 1984-ல் பத்மநாபபுரத்தில் இந்து முன்னணி ஆள் ஜெயித்தார், 1996-ல் அதே தொகுதி தமிழகத்துக்கு முதல் பாஜக சட்டமன்ற உறுப்பினரைக் கொடுத்தது. இரண்டு பக்கமும் பயந்தவன் ஓட்டு. 1982-ல் நான் பார்த்ததை எழுத இந்தப் பக்கம் போதாது.

கேள்வி: எந்தக் கட்சி வந்தால் சாராயக்கடை மூடும்? (ஒரு தாய், கொல்லங்கோடு)

பதில்: 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தியது ஒரு கட்சி. 2003-ல் சில்லறைக் கடையை அரசே நடத்த வைத்தது இன்னொரு கட்சி. உங்களுக்கு வேறு பதில் வைத்திருக்கிறேன் என்று சொல்ல ஆசைதான் அம்மா.

கேள்வி: பிடிக்காத ஆள் பிரதமரானாலும் ஜெபிக்கவேண்டுமா? (ஒரு வாசகி, குழித்துறை)

பதில்: வேண்டும், பெயர் சொல்லி. ஆளுகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற ரோமர் 13-ஐப் பவுல் எழுதினபோது ரோமாபுரியில் ராயன் நீரோ. எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் பிரதமர் பெயரை நான் சொல்லும்போது என் மனைவியின் ஆமென் கொஞ்சம் சத்தம் குறைவாக வரும். வருகிறதே, அது போதும்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்கள், 2024-ல் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்? (அதே தக்கலை வாசகர்)

பதில்: அன்றைக்கு ஏப்ரல் 19. எங்களுக்கு இரண்டு ஓட்டு, மக்களவைக்கு ஒன்று, விளவங்கோடு இடைத்தேர்தலுக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரும் நானும் சேர்ந்துதான் நடந்து போனோம். அவருக்கு இப்போது முட்டுவலி, மேட்டில் என் தோளைப் பிடித்துக்கொள்வார். திரும்பும்போது முக்குக் கடையில் சாயா. ஆளுக்கொரு விரலில் மை. என் ஓட்டை அவர் ஓட்டும், அவர் ஓட்டை என் ஓட்டும் அடித்துப் போட்டிருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். காசு அவர்தான் கொடுத்தார்.