பிலிப்பைன்ஸ் கிராமத்து வாரச்சந்தைக்கு இந்தியப் பொம்பளைங்க தனியா போகலாமா, ஏமாத்திருவாங்களா?

ஏமாத்துவாங்களான்னு கேட்டீங்க பாருங்க, அதுக்காகவே உக்காந்து டைப் பண்றேன். டுமகெட்டேக்கு புதுசா வந்திருக்கேன்னு கேள்வியிலயே போட்டிருக்கீங்க. வீட்டுக்காரர் ஆபீஸ் போயிருவார், நீங்க மால்ல ஏசியில நின்னுட்டு வாடிப்போன கத்திரிக்காய்க்கு விலைய பாத்து பெருமூச்சு விட்டுட்டு இருப்பீங்க, நானும் வந்த புதுசுல அப்படித்தானுங்க. உங்களுக்கு மலாதாபாய் சந்தைதான் சரி. ஸம்போவாங்கித்தா ஊர்ல, கடலோரத்துல, புதன்கிழமை மட்டும். தெக்கால போற பஸ்ஸோ, ஜீப்னிங்கிற ஷேர் ஜீப்போ ஏறி மலாதாபாய்னு சொன்னா மெயின் ரோட்டுல எறக்கி விட்டுருவாங்க, ஒரு மணி நேரம் கூட ஆகாது. அங்கிருந்து கடலைப் பாத்து நடந்தா வழியோட ரெண்டு பக்கமும் கடைதான். காலையில சீக்கிரமே போயிருங்க, மத்தியானம் ஆச்சுன்னா பாதி பேர் மூட்டை கட்டிருவாங்க.

தனியா போலாம், தாராளமா போலாம். நான் சேலை கட்டிட்டே போயிருக்கேன், ஒருத்தரும் ஒண்ணும் சொன்னதில்ல.

எனக்கு அங்க புடிச்சது மாடு விக்கிற எடம்தான். எங்கப்பா பொள்ளாச்சி சந்தையில தரகு பாத்தவர், துண்டுக்கு அடியில வெரலைப் புடிச்சு வெல பேசுற ஆளு, பக்கத்துல நிக்கிற எனக்கே என்ன வெலன்னு தெரியாது. இங்க அந்த ஒளிவு மறைவெல்லாம் கெடையாதுங்க, மாட்டை நடுவுல நிறுத்தி சுத்தி நாலு பேர் நின்னு வாய்விட்டே பேசுறாங்க, வாங்காதவனும் கூட வெல சொல்றான். மலைப்பக்கத்துல இருந்து எருமை, மாடு, ஆடெல்லாம் ஓட்டிட்டு வருவாங்க, பன்னி கத்துற சத்தம் காதைப் பொளக்கும், சண்டைச் சேவலை இடுப்புல வெச்சு தடவிக்கிட்டே ஆம்பளைங்க நிப்பாங்க. நான் பாட்டுக்கு ஒரு காளையோட வாயைப் பிரிச்சு பல்லைப் பாத்துட்டேன். மாட்டுக்காரர் சிரிச்சுட்டு பக்கத்து ஆளையெல்லாம் கூப்புட்டு காட்றார், சேலை கட்டுன பொம்பளை பல்லு பாக்குதுன்னு. நாலு பல்லுங்க அது, அவர் சொன்ன வயசு சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் எப்படி ஏமாத்துறாங்கன்னு சொல்றது?

அங்க உங்களை ஏமாத்த மாட்டாங்க, உங்களைப் பாத்து பயப்படத்தான் செய்வாங்க. நெசமாத்தான் சொல்றேன். ஒரு லீவு நாள்ல எங்க வீட்டுக்காரர் பைக் எடுத்துட்டு வந்தார், ஹெல்மெட், முழுக்கை ஜாக்கெட், குறுக்கால ஒரு பை. சக்கரவள்ளிக்கெழங்கு வெச்சிருந்த பாட்டிம்மா அவரைப் பாத்ததும் கையெடுத்து "உக்மா நா, சார், உக்மா" அப்படிங்குது, நாளைக்குத் தர்றேன்னு. கருவாடு விக்கிற அக்கா எந்திரிச்சு பின்னாடியே போயிருச்சு. இவர் ஒண்ணும் புரியாம வாழைப்பழத்தைக் காட்டி "பிலா?"ன்னு வெல கேட்டதும் அந்த வரிசையே விழுந்து விழுந்து சிரிச்சுது. அந்த ஊர்ல இந்தியன்னா பும்பாய், பும்பாய்ன்னா பைக்ல வர்ற வட்டிக்காரன். ஃபைவ்-சிக்ஸ்னு பேரு, அஞ்சு வாங்குனா ஆறா திருப்பணும், 20% வட்டி, தெனமும் வந்து வசூல், நம்மூர் தண்டல்தான். பேங்க்ல அடமானம் கேப்பான், இவங்க கேக்க மாட்டாங்க, அதான் ஓடுது. 2017ல அப்ப ஜனாதிபதியா இருந்த டுடெர்டே இவங்களை புடிச்சு உள்ள போடுவேன்னு எல்லாம் சொன்னார், அரசாங்கமே கம்மி வட்டியில சின்ன வியாபாரிகளுக்கு லோன் திட்டமும் ஆரம்பிச்சுது, ஆனா பைக் நிக்கல. அடம் புடிக்கிற கொழந்தைய பும்பாய் புடிச்சுட்டுப் போயிருவான்னு மெரட்டுறதும் உண்டு.

உடனே பஞ்சாபிக்காரங்களை கேவலப்படுத்துறேன்னு சண்டைக்கு வராதீங்க. அந்தத் தொழில்ல அவங்க நெறைய பேர் இருக்காங்க, ஊர்க்காரங்களும் இருக்காங்க, அவ்வளவுதான். எங்க வீட்டுக்காரர்தான் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டார், என்னைப் பாத்தா வட்டிக்கு விடுறவன் மாதிரியா இருக்குன்னு. அவங்க தாத்தா நெசமாவே வட்டிக்கு விட்டவர், அதை நான் அப்ப சொல்லல.

பேரம் பத்தி ஒண்ணு சொல்லிர்றேன். நூறுன்னா நாப்பதுக்குக் கேக்குற நம்மூர் பழக்கம் அங்க வேண்டாம். காய் எல்லாம் கூறு கட்டித்தான் வெச்சிருப்பாங்க, வெல ஏற்கனவே கம்மிதான். அஞ்சு பத்து பெசோ சிரிச்சுட்டே கேளுங்க, கொறைச்சாலும் கொறைப்பாங்க, இல்லைன்னா கைநெறைய கொசுறு போடுவாங்க. ஒரே ஆள்கிட்ட திரும்பத் திரும்ப வாங்குனீங்கன்னா நீங்க அவங்களுக்கு சுக்கி, அதாவது வாடிக்கை ஆயிருவீங்க, அப்புறம் உங்களுக்குன்னு நல்ல பாவக்காயா எடுத்து வெப்பாங்க. இப்படிச் சொன்னா பணக்காரப் பேச்சுன்னு யாராச்சும் சொல்வீங்க, நாங்க ஒண்ணும் பணக்காரங்க இல்லைங்க, வாடகை வீடுதான்.

சைவம்னா பட்டினி இல்ல. ஒட்டரிசியை தேங்காப்பால்ல வேக வெச்சு வாழையெலையில சுத்துன புத்புத் கெடைக்கும், அவிச்ச வாழைக்காய், கடலை, எளநி இருக்கும். முருங்கைக்கீரை, கொடிப்பசலை, வெண்டைக்காய் எல்லாம் வாங்கிட்டு வந்து வீட்ல ஆக்கிக்கலாம். ஆனா கீரைக்கொழம்பு சட்டியைப் பாத்து சைவம்னு நெனச்சு வாங்கிராதீங்க, பெரும்பாலும் கருவாடு கெடக்கும். அசைவம்னா முழுப்பன்னி சுட்டு லெச்சோன்னு கட்டையில வெட்டி கிலோ கணக்குல தர்றாங்க, தென்னை ஓலைக்கூட்டுல வெந்த புசோ சோறும் கூட வாங்கிக்கலாம். எங்க வீட்டுக்காரர் அதுக்குத்தான் திரும்ப சந்தைக்கு வந்தார், ஹெல்மெட்டைக் கழட்டிட்டு.

கருவாடுன்னதும் ஒண்ணு சொல்லாம இருக்க முடியல. எங்க பழைய வீட்டு ஓனர், நாங்க காலி பண்றப்ப அட்வான்ஸ்ல பணம் புடிச்சாருங்க, மசாலா வாசம் செவுத்துல ஏறிருச்சாம், பெயின்ட் அடிக்கணுமாம். அவங்க வீட்ல தெனம் காலையில புலாட் கருவாடு வறுப்பாங்க, தெருமொனை வரைக்கும் வீசும், அது ஏறாதாம் செவுத்துல. நான் தாளிக்கிற கடுகு மட்டும் ஏறிருமாம். நீங்க இப்பதான் வீடு எடுத்திருப்பீங்க, அக்ரிமென்ட்டுல பெயின்ட் செலவு யாருதுன்னு முதல்ல பாருங்க, சந்தைக்கு அடுத்த புதன்கிழமை போய்க்கலாம்.