கியூ சம்பானின் நேர்மை

கேள்வி: கம்போடியாவின் முன்னாள் அதிபர் கியூ சம்பான் லஞ்சம் வாங்காத, எளிமையான அரசியல்வாதி என்று பெயரெடுத்தவராம். தன் கையால் ஒருவரையும் கொல்லாத அந்தப் படித்த மனிதருக்கு, போல் பாட் செய்த கொலைகளுக்காகத் தள்ளாத வயதில் ஆயுள் தண்டனை விதித்தது என்ன நியாயம்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: அவர் லஞ்சம் வாங்காதவர் என்பதை நானும் மறுக்கவில்லை. 1959ல் பாரிஸில் கம்போடியப் பொருளாதாரம் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர், நாடு திரும்பிப் பத்திரிகை நடத்தினார். அதற்காக 1960ல், அப்போது நாட்டை ஆண்ட சிகானூக்கின் போலீசார் அவரை நடுத்தெருவில் அடித்து, ஆடையைக் களைந்து, அந்தக் கோலத்தில் புகைப்படமும் எடுத்தார்கள். பின்னர் நாடாளுமன்ற உறுப்பினராகி, வர்த்தகத் துறைப் பொறுப்பும் வகித்தபோது, கைநீட்டிக் காசு வாங்காதவர் என்ற பெயர் நிலைத்தது. 1967ல் கைதுக்கு அஞ்சிக் காட்டுக்குள் சென்று மறைந்தார்.

அந்த நல்ல பெயர்தான், போல் பாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜுக்குத் தேவைப்பட்டது. போல் பாட் யாரென்றே வெளியுலகம் அறியாத காலத்தில் அந்த இயக்கத்தின் முகமாக இருந்தவர் கியூ சம்பான். 1975 பிப்ரவரியில் அவர் தலைமையில் கூடிய மாநாடு, கெமர் ரூஜ் எதிர்த்துப் போரிட்ட தரப்பின் தலைவர்கள் ஏழு பேரைத் துரோகிகள் என்று பெயர் குறித்து, அவர்கள் கொல்லப்பட வேண்டியவர்கள் என அறிவித்தது. ஏப்ரல் 17 அன்று தலைநகர் நோம்பென் கெமர் ரூஜிடம் வீழ்ந்ததும், அந்த எழுவரில் தப்பி ஓடாமல் தங்கிய லாங் போரெட்டும் சிரிக் மதக்கும் கொல்லப்பட்டனர். மருத்துவமனைக் கட்டிலோடு தள்ளிச் செல்லப்பட்ட நோயாளிகள் உட்பட, சுமார் இருபது லட்சம் பேர் அந்த நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள்.

1976 ஏப்ரலில், பெயரளவுக்கு நாட்டின் தலைவராக இருந்த சிகானூக் விலகியபின் கியூ சம்பான் அந்தப் பதவிக்கு வந்தார். அது வெறும் அலங்காரப் பதவி, தனக்கு எந்த அதிகாரமும் இல்லை என்பதே நீதிமன்றத்தில் அவருடைய வாதம். பதவி அலங்காரமானதுதான் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அவர் பார்த்த வேலை அலங்கார வேலை அன்று. 1975 அக்டோபரிலேயே கட்சியின் நிலைக்குழு, வணிகத்தின் கணக்கையும் விலை நிர்ணயத்தையும் அவரிடம் ஒப்படைத்திருந்தது. ஒரு ஹெக்டேருக்கு மூன்று டன் நெல் என்று, அதுவரை நாடு கண்டதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேலான இலக்கை மேலிடம் விதித்தது. விளையாத நெல்லை விளைந்ததாகக் கணக்குக் காட்டாவிட்டால் தலை தப்பாது என்று வட்டார நிர்வாகிகள் பயந்தார்கள். அந்தப் பொய்க் கணக்கின்படியே நெல் அள்ளிச் செல்லப்பட்டதால், நட்டவர்களுக்கும் அறுத்தவர்களுக்கும் பருக்கையைத் தேட வேண்டிய கஞ்சித் தண்ணீர்தான் மிஞ்சியது. அதே ஆண்டுகளில் கம்போடிய அரிசி கப்பலேறியது. ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்தவர் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர் என்பதால், கணக்குப் புரியவில்லை என்று சொல்லும் வழியும் அவருக்கு இல்லை.

துவோல் ஸ்லெங் சிறையைப் பற்றி ஆட்சி கவிழ்ந்த பிறகே தெரிய வந்தது என்றும் சொன்னார். ஹூ நிம் என்று ஒருவர் இருந்தார். கியூ சம்பானோடு நாடாளுமன்றத்தில் இருந்தவர், அவரைப் போலவே 1967ல் காட்டுக்குப் போனவர், அதே ஆட்சியின் செய்தித்துறை அமைச்சர். 1977 ஏப்ரலில் அவர் அதே துவோல் ஸ்லெங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு, சித்திரவதை செய்யப்பட்டு, ஜூலையில் கொல்லப்பட்டார். அரசின் தலைவருக்குத் தன் அமைச்சரவையில் ஓர் இருக்கை காலியானது தெரியாமலா போகும்? அந்த ஏப்ரலில்தான், உள்பகைவர்களை ஒழிக்க விழிப்போடு இருக்கச் சொல்லி கியூ சம்பான் பொதுக்கூட்டத்தில் பேசினார்.

தன் கையால் கொல்லவில்லை என்கிறீர்கள். மூன்றே முக்கால் ஆண்டுக்குள் நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரைச் சாகடிக்கத் தலைவர்கள் கத்தியைத் தூக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்கு வந்து, இசைந்து, முடிவுகளைச் செயல்படுத்தினால் போதும். 2018ல் ஐ.நா. ஆதரவு பெற்ற சிறப்பு நீதிமன்றம், வியட்நாமியர்களை இனப்படுகொலை செய்த குற்றத்தில் அவருக்குப் பங்குண்டு என்று தீர்ப்பளித்தது. சாம் என்ற சிறுபான்மை முஸ்லிம்களுக்கு எதிரான இனப்படுகொலையில், போல் பாட்டுக்கு அடுத்த தலைவரான நுவான் சியாவைக் குற்றவாளி என்ற அதே நீதிமன்றம், கியூ சம்பானுக்கு எதிராக அதற்குரிய ஆதாரம் போதவில்லை என்று விட்டுவிட்டது. எடை போட்டுப் பார்க்காமல் தண்டித்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

தள்ளாத வயதைப் பற்றி. 1998 டிசம்பரில் அவர் சரணடைந்தபோது பிரதமர் ஹுன் சென் பூங்கொத்தோடு வரவேற்றார். பத்திரிகையாளர்கள் துருவித் துருவிக் கேட்டபின் ஒரு வருத்தம் தெரிவித்துவிட்டு, பழையதை மறந்துவிடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டு, குடும்பத்தோடு கடற்கரைக்கும் போய்வந்தார். அதற்குப் பின்னும் 2007 நவம்பர் வரை வெளியில்தான் இருந்தார். கைதானபின் விரும்பிய வழக்கறிஞர்கள், பல ஆண்டு விசாரணை, மேல்முறையீடு என எல்லாம் கிடைத்தன. 2022 செப்டம்பரில்தான் தண்டனை இறுதியாக உறுதியானது. இவ்வளவு தாமதத்துக்குப் பொறுப்பு உலக நாடுகளுக்கும் உண்டு. கெமர் ரூஜ் தரப்பைப் பல ஆண்டுகள் ஐ.நா. சபையில் உட்கார வைத்தவர்களும் அவர்கள்தான். ஆனால் அந்தத் தாமதத்தால் லாபமடைந்தவர் கியூ சம்பான். அதையே காட்டி அவருக்குச் சலுகை கேட்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.