அத்தான் தவறிட்டாவ, அக்கா பிள்ளைங்க பங்கு வயலை அவங்க சித்தப்பா விக்க முடியுமா?

பத்து வயசும் ஏழு வயசுமா ரெண்டு பிள்ளைங்க, அத்தான் பேர்ல உள்ள வயலை வித்துருவோம்னு அவங்க தம்பி அவசரப்படுத்துதாருன்னு கேட்டிருக்கீங்க. மொதல்ல, அக்காவை எந்தப் பத்திரத்துலயும் கையெழுத்துப் போட விடாதீங்க.

எனக்கு நடந்ததுனால சொல்லுதேன். அப்பா போகும்போது எனக்கு ஒம்பது வயசு, கன்னடியன் கால்வாய் பாசனத்துல எங்களுக்கு வயல் இருந்துச்சு, ரெண்டு பிசான நெல் போகம் சரியா விளையல, சித்தப்பா வந்து வித்துருவோம் மைனின்னாவ, அம்மா போட்டுட்டாவ. பத்திரத்துல "தனக்காகவும் தன் மைனர் மகனுக்குக் கார்டியனாகவும், மைனரின் படிப்புச் செலவுக்காகவும்"னு அழகா எழுதியிருக்கும். அந்த வரியை நான் எத்தனை தடவை வாசிச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. படிப்புக்கு ஒரு ரூவா வரல.

அந்த வரி எழுதிட்டா போதும்னு நம்ம ஊர்ல நினைக்காங்க, போதாது. இந்துக் குடும்பம்னா, 1956-ல வந்த இந்து மைனர், கார்டியன் சட்டம் 8-வது பிரிவுப்படி பெத்த தாயே ஆனாலும் மைனரோட நிலத்தை விக்க, ஒத்தி வைக்க, 5 வருசத்துக்கு மேல குத்தகைக்கு விட கோர்ட்டுல முன்கூட்டியே பெர்மிஷன் வாங்கணும். ஒண்ணு பிள்ளைக்கு அவசியத் தேவை, இன்னொண்ணு பிள்ளைக்கு கண்ணுக்குத் தெரியுற லாபம், இது ரெண்டுல ஒண்ணு இருந்தாத்தான் ஜட்ஜ் குடுப்பாரு, பணத்தையும் பெரும்பாலும் பிள்ளை பேர்ல பேங்க்ல டெபாசிட் போடச் சொல்லிருவாங்க. சித்தப்பாவுக்கு, கோர்ட்டு அவரை கார்டியனா போடாதவரை, விக்கிற உரிமையே கிடையாது. அப்படிப் போட்டாலும் 1890-ம் வருச கார்டியன் சட்டப்படி கோர்ட்டு கேட்டா 6 மாசத்துக்குள்ள சொத்து லிஸ்ட் குடுக்கணும், கணக்கு காட்டணும், தப்பு பண்ணா நீக்கலாம்.

அத்தான் சொந்தமா வாங்குன வயல், உயிலும் எழுதலன்னா அக்கா, ரெண்டு பிள்ளைங்க, அத்தானோட அம்மா இருந்தா அந்த ஆச்சியும், ஆளுக்கு சமபங்கு. பாகம் பிரியாத பூர்வீகம்னா சட்டம் வேற மாதிரி, அதுக்கு வக்கீல்ட்ட பத்திரத்தைக் காட்டித்தான் கேக்கணும்.

பெர்மிஷன் இல்லாம வித்திருந்தா பிள்ளை அதை ரத்து பண்ணச் சொல்லி கேஸ் போடலாம், ஆனா 18 முடிஞ்சு 3 வருசத்துக்குள்ள. நான் வக்கீல் முன்னாடி போய் உக்காந்தப்போ எனக்கு 22. அம்மாட்ட இன்னும் அதைப் பத்தி பேசுனதில்ல, பாவம் அவ அழுவா.

நீங்க தாய்மாமன், நீங்க சொன்னா அக்கா கேப்பா. நாளைக்கே வயலுக்கு ஒரு வில்லங்கச் சான்று (EC) போட்டு ஏற்கனவே ஏதும் பதிவாகியிருக்கான்னு பாருங்க, மூலப்பத்திரம் யார் கையில இருக்குன்னும் அக்காட்ட கேளுங்க.