மானசரோவர் நன்னீராக இருக்க, அருகிலுள்ள ராட்சசதால் ஏன் உவர்க்கிறது?

நீர் வெளியேற வழியில்லாத ஏரியை மூடிய ஏரி என்பர். மேற்குத் திபெத்தில், கயிலை மலைக்குத் தெற்கே, ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில் உள்ள மானசரோவர் அத்தகையதன்று. அதில் மிகும் நீர் கங்கா சூ என்னும் கால்வாய் வழியே (சில ஆண்டுகளில் அது வறண்டும் கிடக்கும்) சற்றுத் தாழ்வான ராட்சசதாலுக்கு வழிவதால், ஓடைகள் பாறைகளிலிருந்து கரைத்துவரும் உப்புகளும் உடன் நீங்குகின்றன. மூடிய ஏரியான ராட்சசதாலிலோ, வறண்ட காற்றிலும் கடும் வெயிலிலும் நீர் மட்டுமே ஆவியாகி, உப்பு தங்கிவிடுகிறது; அடுப்பில் மறந்துவிட்ட ரசம் சுண்டச் சுண்டக் கரிப்பதும் இவ்வாறுதான். இராவணன் தவமிருந்த இடம் என்னும் கதையோடு சேர்த்து அந்நீரை நஞ்சென்றும் பலர் சொல்வதுண்டு. அது உவர்நீரே அன்றி நஞ்சன்று.