ஆர்.ஓ. ரிஜெக்ட் நீரில் மிஞ்சும் கரிமக் கழிவு: கேள்வி-பதில்

கேள்வி: சுத்திகரித்த கழிவுநீரைத்தான் ஆர்.ஓ.வுக்கு (அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே நீரை வடிக்கும் கருவி) அனுப்புகிறோம். அப்படியும் ரிஜெக்ட்டில் (சவ்வு ஒதுக்கும் நீர்) சிஓடி (கழிவை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்ற அளவு) ஏன் இவ்வளவு ஏறுகிறது?

சவ்வு எதையும் அழிப்பதில்லை, ஒதுக்கி வைக்கிறது. 100 லிட்டரில் 80 லிட்டர் நல்ல நீராகப் போனால், அழுக்கு மீதி 20 லிட்டரில் சேரும். கிட்டத்தட்ட 5 மடங்கு செறிவு. அதுவும் நுண்ணுயிர்கள் தின்னாமல் விட்ட மிச்சம். அதையே திரும்ப உயிரியல் தொட்டியில் விட்டால் பெரிதாகக் குறையாது.

கேள்வி: அப்படியானால் இந்த மிச்சத்தைச் சிதைக்க ஓசோனா, ஃபென்டனா (இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்க்கும் முறை)? எது மேல்?

முதலில் உப்புப் பரிசோதனை அறிக்கையைப் பாருங்கள். புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட் என்ற தீங்கான பொருளாக மாற்றும். குடிநீரில் புரோமேட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். பைகார்பனேட் அதிகமிருந்தால், கழிவைச் சிதைக்க வேண்டிய ஹைட்ராக்சில் ரேடிக்கல்களை (வேகமாக வினைபுரியும் துகள்கள்) அதுவே விழுங்கிவிடும். ஃபென்டனுக்கு pH 3 அளவுக்கு அமிலம் சேர்ப்பதால் பைகார்பனேட் தொல்லை போய்விடும். ஆனால் அமிலச் செலவு, அப்புறம் காரச் செலவு, கடைசியில் இரும்புச் சேறு. சேற்றை எங்கே கொட்டுவது என்று யோசிக்காமல் ஃபென்டனில் இறங்காதீர்கள்.

ஓசோன் தனியாக சிஓடியை அதிகம் குறைக்காது. பெரிய மூலக்கூறுகளை உடைத்து நுண்ணுயிர்களுக்கு இரையாக்கும். பின்னால் ஓர் உயிரியல் கார்பன் வடிகட்டி (நுண்ணுயிர்கள் வளரும் கரி வடிகட்டி) இருந்தால்தான் அந்தச் செலவுக்குப் பலன். புரோமைடு குறைவு என்றால் என் ஓட்டு இந்த ஜோடிக்குத்தான்.

கேள்வி: ரிஜெக்ட்டில்தான் உப்பு நிறைய இருக்கிறதே, மின்சாரம் பாய்ச்சிக் கழிவைச் சிதைக்கும் மின்வேதி முறை லாபம்தானே?

மின்சாரம் நன்றாகக் கடத்தும், உண்மை. ஆனால் அதே குளோரைடு குளோரேட், பெர்குளோரேட், குளோரின் ஏறிய கரிமங்கள் என்று புதுத் தலைவலியைத் தரும். சிஓடி இறங்கியதை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம்.

கேள்வி: பிஎஃப்ஏஎஸ் (ஃப்ளூரின் சேர்ந்த, எளிதில் சிதையாத) வகை வேதிப்பொருட்களை என்ன செய்வது?

வழக்கமான ஓசோனுக்கும் ஃபென்டனுக்கும் அசையாது. நீண்ட சங்கிலி வகைகளை ஆக்டிவேட்டட் கார்பன் பிடிக்கும். குட்டைச் சங்கிலிகள் சீக்கிரமே நழுவிவிடும்.

கேள்வி: பெராக்சைடு போட்ட பிறகு சிஓடி குறையவே இல்லை, கூடியும் காட்டுகிறதே?

மிஞ்சிய பெராக்சைடும் சிஓடியாகத்தான் பதிவாகும். அதை நீக்கிவிட்டு அளந்து பாருங்கள். அதிகக் குளோரைடும் அளவை ஏற்றிக் காட்டும். டிஓசி கருவி (கரிமக் கார்பனை நேரடியாக அளப்பது) கைவசம் இருந்தால் அதையே நம்புங்கள்.