ஒரே அடையாளத்தில் இரண்டு சர்வர்கள்

கேள்வி: எங்களிடம் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் ஒரு முதன்மை சர்வரும், அதன் தரவைத் தொடர்ந்து நகலெடுத்து வைக்கும் இரண்டு ரெப்ளிகாக்களும் உள்ளன. இரண்டாவதைச் சேர்த்த நாள் முதல், முதன்மை சர்வரின் லாகில் ‘அதே யூயூஐடியில் ஜாம்பி டம்ப் த்ரெட்’ என்று ஓயாமல் பதிவாகிறது. ரெப்ளிகாக்களின் இணைப்பும் அறுந்து அறுந்து வருகிறது. நெட்வொர்க் கேபிளைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டோம். என்ன செய்வது?

பதில்: கேபிளை விட்டுவிடுங்கள். இரண்டாவது ரெப்ளிகாவை முதலாவதன் டிஸ்க்கிலிருந்து அப்படியே நகலெடுத்துத்தானே உருவாக்கினீர்கள்? அங்கேதான் கோளாறு. மைஎஸ்க்யூஎல் 5.6 பதிப்பிலிருந்து ஒவ்வொரு சர்வருக்கும் தனி யூயூஐடி, அதாவது அதை அடையாளம் காட்டும் குறியீடு, உண்டு. தரவு சேமிக்கப்படும் டேட்டா டைரக்டரியில் ‘ஆட்டோ.சிஎன்எஃப்’ (auto.cnf) என்ற குட்டிக் கோப்பில் அது இருக்கும். திறந்தால் இரண்டே வரிதான். நகலோடு அதுவும் வந்துவிட்டது. ஒரு ரெப்ளிகா இணைந்ததும், மற்றதைச் செத்த பழைய இணைப்பு (லாக் சொல்லும் ‘ஜாம்பி’ இதுதான்) என்று எண்ணி முதன்மை சர்வர் வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்டது திரும்பி வந்து அடுத்ததை வெளியேற்றுகிறது. இதே பிழைக்காக நான் இரண்டு இரவு ஃபயர்வாலைத் துழாவியிருக்கிறேன். உங்கள் அலைச்சல் எனக்குப் புரிகிறது.

நகல் சர்வரை நிறுத்தி, அதிலுள்ள அந்தக் கோப்பை மட்டும் வேறிடத்துக்கு நகர்த்திவிட்டுத் திரும்ப இயக்குங்கள். புது யூயூஐடி தானாக உருவாகும். யூயூஐடி தவிர, ஒவ்வொரு சர்வருக்கும் உள்ள சர்வர் ஐடி எண்ணையும் பாருங்கள். மூன்றிலும் வெவ்வேறாக இருக்க வேண்டும்.