கொடையும் கழிவுநீரும் ஒரே கணக்கில் சேருமா?

கேள்வி: நாங்கள் மூவர் கூட்டாக ஒரு சிறு உற்பத்தி நிறுவனம் நடத்துகிறோம். கழிவுநீர்ச் சுத்திகரிப்பை மேம்படுத்தவும், ஒரு பள்ளிக்கு நன்கொடை தரவும் விரும்புகிறேன். இரண்டுமே மற்றவர் பணத்தில் செய்யும் தருமம் என்கிறார் ஒரு கூட்டாளி. வணிகத்தின் சமூகப் பொறுப்புக்குத் தத்துவ அடிப்படை உண்டா?

பதில்: உண்டு, ஆயினும் உங்கள் கூட்டாளி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நிர்வாகி தன் விருப்பப்படி நிறுவனப் பணத்தைச் சமூக நோக்கங்களுக்குச் செலவிடுவது, உரிமையாளர்கள் மீது அவர் வரி விதிப்பதற்கு ஒப்பாகும் என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் வாதிட்டார். பள்ளி நன்கொடைக்கு இது பொருந்தும். ஆனால் சட்டத்துக்கும் வழக்கிலுள்ள அறநெறிக்கும் உட்பட்டே லாபம் தேட வேண்டும் என்று அவர் அதே கட்டுரையில் எழுதியதை, அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

கழிவுநீர் விஷயம் வேறு. சுத்திகரிக்காமல் விட்டால் அந்தச் செலவு மறைந்துவிடுவதில்லை. நீரைப் பயன்படுத்துவோரின் தலையில், அவர்களைக் கேட்காமலே, ஏறுகிறது. மனிதரை வெறும் கருவியாக நடத்தலாகாது என்று ஜெர்மன் தத்துவவாதி இமானுவேல் கான்ட் 1785-இல் எழுதியதன் நடைமுறைப் பொருள் இதுதான். ஆகவே சுத்திகரிப்பு கொடையன்று, உற்பத்திச் செலவு.

கூட்டாளியை இணங்க வைக்க, ‘நற்பெயர் வந்தால் விற்பனை கூடும்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். விவரமறியாத வாடிக்கையாளரிடமும் கூடுதல் விலை வாங்காத கடைக்காரர் தன் ஆதாயத்துக்காகவே அப்படி நடந்தால், அது கடமைக்கு இணங்கிய செயலே தவிர கடமையுணர்வில் பிறந்ததல்ல என்கிறார் கான்ட். விற்பனை கூடாத ஆண்டில் உங்கள் வாதமும் அவ்வாறே நின்றுபோகும்.

மேலாண்மை அறிஞர் எட்வர்ட் ஃப்ரீமன் 1984-இல் முன்வைத்த அணுகுமுறை, வணிகத்தால் பாதிக்கப்படுவோர் அனைவரையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. பட்டியலிட அது உதவும். அவர்களின் நலன்கள் மோதும்போது யாருக்கு முன்னுரிமை என்பதை அதிலிருந்து மட்டும் தீர்மானிப்பது, என் கணிப்பில், கடினம்.

எனவே இரண்டையும் பிரித்து எழுதுங்கள். நன்கொடையை மூவரும் ஒப்பினால் நிறுவனமாகத் தாருங்கள். இல்லையெனில் உங்கள் பங்கு லாபத்திலிருந்து தாருங்கள், அதற்கு ஃப்ரீட்மனிடமும் ஆட்சேபம் இல்லை. சுத்திகரிப்பை லாபம் கணக்கிடுவதற்கு முன்பே கழித்துவிடுங்கள். சட்ட வரம்பை ஏற்கெனவே நிறைவேற்றியிருந்து, அதற்கு மேலான மேம்பாட்டுக்குப் பணம் போதவில்லையெனில் கட்டம் கட்டமாகச் செய்யலாம். இயலாததைக் கடமையாக்க முடியாது. ஆனால் தாமதத்துக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, நீரின் நிலையை அதைப் பயன்படுத்துவோரிடம் மறைப்பதற்குக் கிடையாது.